மருத்துவமனைக்கு மார்க் – 7: கணக்கை எந்த நாளில் மூடுவது?

பாஸ்டன் டாக்டர் எர்னஸ்ட் காட்மேனை உடன் வேலை பார்த்தவர்களுக்கு ஏன் பிடிக்காமல் போனது என்று போன வாரம் பார்த்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்: ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவரையும் ஓராண்டு கழித்துக் கூப்பிட்டுப் பாருங்கள், குணமானதா இல்லையா என்று எழுதி வையுங்கள். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து அமெரிக்க அரசு அதில் பாதியைச் செய்ய ஆரம்பித்தது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றியபின் எந்த மருத்துவமனையில் எவ்வளவு சிக்கல் வந்தது என்பதை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2013 டிசம்பர் முதல் மருத்துவமனையின் பெயர் போட்டே வெளியிடுகிறது.

எல்லாச் சிக்கலுக்கும் ஒரே கெடு வைக்காததுதான் இதில் கெட்டிக்காரத்தனம். மாரடைப்பு, நிமோனியா, ரத்தத்தில் கிருமி பரவுவது ஆகியவை 7 நாளுக்குள் வந்தால்தான் மருத்துவமனைமேல் எழுதுவார்கள். இருபதாம் நாள் வரும் மாரடைப்புக்கு எழுபது வயது இதயமே காரணமாக இருக்கலாமே. ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தக்கசிவு, ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைப்பது, மரணம் என்றால் 30 நாள். மூட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தாலோ, பொருத்திய மூட்டு நழுவினாலோ 90 நாள். செயற்கை மூட்டின் மேல் கிருமி படலம் கட்டி நிதானமாகத்தான் வளரும். தையல் பிரித்து, வீட்டுக்குப் போய், வாக்கரை ஓரமாக வைத்த பிறகுகூடக் காலில் சூடும் வீக்கமும் தெரியலாம்.

இதில் இரண்டு வம்பு. சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களை "உங்களுக்கு ரிஸ்க்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, திடமானவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனைக்கு நல்ல மார்க் கிடைத்துவிடும். அதனால் வயதையும் ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் கழித்துத்தான் விகிதம் போடுகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருபவர்களைச் சேர்ப்பதே இல்லை. அடுத்தது எண்ணிக்கை. சிக்கல் வருவது நூற்றுக்கு மூன்று பேர் அளவில். 40 ஆபரேஷன் செய்யும் சின்ன மருத்துவமனையில் ஒருவருக்குக் கூடுதலாகச் சீழ் பிடித்தாலே விகிதம் இரண்டரை புள்ளி ஏறிவிடும். தற்செயலாக நடந்ததைக் குற்றமாக எழுதிவிடக் கூடாதென்று, சின்ன எண்களைத் தேசிய சராசரிப் பக்கம் இழுத்துவிடுகிறார்கள். விளைவு, பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு ஒரே முத்திரை: 'தேசிய அளவிலிருந்து வேறுபாடில்லை'. எங்கே போவது என்று தேடுகிற நோயாளிக்கு இது பெரிதாக உதவாது என்பதே என் எண்ணம். போதாததற்கு, மூலத் தகவல் மெடிகேருக்குப் போகும் பில்கள். பில்லில் ஏறாதது நடக்கவே இல்லை.

சரி, சிக்கல் எதுவும் வரவில்லை. வலி போயிற்றா? இதை இங்கிலாந்துதான் ஒழுங்காகக் கேட்டது. 2009 ஏப்ரல் முதல், அரசுச் செலவில் மூட்டு மாற்றிக்கொள்பவர்களிடம் ஆபரேஷனுக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான முழங்கால் படிவத்தில் 12 கேள்விகள், கேள்விக்கு 4 மார்க், மொத்தம் 48. கடந்த நான்கு வாரத்தில் வலி எப்படி இருந்தது? குளித்துத் துவட்டிக்கொள்ள முடிகிறதா? சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழும்போது வலிக்கிறதா? படுக்கையில் வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா? நீங்களே கடைக்குப் போய் வர முடிகிறதா? மாடிப்படி இறங்குகிறீர்களா? ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேவுக்கும் தெரியாத சங்கதிகள். மண்டியிட்டு எழ முடிகிறதா என்றுகூட உண்டு. சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா என்பது இல்லை. வெள்ளைக்காரருக்கு அது எதற்கு? நம் ஊர்ப் படிவத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

முழங்கால் மாற்றியவர்களில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த மார்க் ஏறுகிறது. ஆனால் "திருப்தியா?" என்று கேட்டால் ஐந்தில் ஒருவர் தலையாட்டுவதில்லை. இடுப்பு மாற்றியவர்கள் இவர்களைவிடச் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

தொண்ணூறு நாளிலும் ஆறு மாதத்திலும் தேறிவிட்ட மூட்டு, ஐந்தாம் ஆண்டில் காலை வாரலாம். அதைப் பிடிக்க வேறு ஏற்பாடு வேண்டும். ஸ்வீடன் முழங்கால் மூட்டுக்கு 1975-லும் இடுப்புக்கு 1979-லும் தேசியப் பதிவேடு தொடங்கியது. யாருக்கு, எந்த மாடல், எந்தத் தேதி, மறுபடி எப்போது திறக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் கணக்கு. ஆஸ்திரேலியா 1999-லும் இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-லும் பின்தொடர்ந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டெப்யூ நிறுவனம் விற்ற ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டை மாட்டிவிட்டவை இந்தப் பதிவேடுகள்தாம். உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் துகளாக உதிர்ந்து, சுற்றியுள்ள தசையை அரித்தன. ஆஸ்திரேலியப் பதிவேட்டில் இந்த மாடலுக்கு மட்டும் மறு ஆபரேஷன் கூடிக்கொண்டே போனது. 2009 டிசம்பரில் அங்கே விற்பனை நின்றது. ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் என்று இங்கிலாந்துக் கணக்கும் சொல்ல, 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். பொருத்தப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர். ஆபரேஷன் செய்த மருத்துவமனைகள் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருக்கலாம், சாமான் சரியில்லை.

இந்தியாவிலும் சுமார் 4,700 பேருக்கு இது பொருத்தப்பட்டது. 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் நிபுணர் குழு போட்டபோது, அவர்களில் பெரும்பாலானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது குழு. கொடுப்பதற்கு முகவரி வேண்டுமே. இடுப்பு, முழங்கால் மூட்டு டாக்டர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு இங்கேயும் உண்டு. ஆனால் அதில் பதிவது டாக்டரின் விருப்பம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் கம்பெனி பெயர், மாடல், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றினால், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதைப் பத்திரத்தோடு வையுங்கள், போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)