பொதுச் செலவு யார் பொறுப்பு? பெரம்பலூர், அரியலூர் அடுக்குமாடிகளில் நிர்வாக உரிமை

அரியலூர்ப் பகுதியின் சிமென்ட் ஆலைகள் தம் ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளில் தண்ணீர் மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்வது யார் என்ற கேள்வி எழுவதில்லை. கட்டடத்தின் உடைமையாளரும் நிர்வாகியும் ஆலையே என்பதால் அதிகாரமும் செலவும் ஓரிடத்தில் நிற்கின்றன. தனியார் கட்டி விற்கும் அடுக்குமாடியில் அவை பிரிந்துவிடுகின்றன. வீடு ஒவ்வொருவருக்கும் சொந்தமாகிறது. நிலத்தில் ஒவ்வொருவருக்கும் இருப்பதோ, இன்ன இடம் என்று எல்லை காட்ட முடியாத, பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' எனப்படும் பங்கு மட்டுமே. படிக்கட்டு, மொட்டைமாடி, ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை எல்லோருக்கும் பொதுவாகின்றன. பராமரிப்புக் கட்டணச் சண்டைகளில் பல, தொகை பெரிது என்பதால் எழுவதைவிட, அதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பது தீர்மானிக்கப்படாததால் எழுகின்றன.

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016 இதற்கு ஒரு வரிசை வகுத்துள்ளது. உரிமையாளர் சங்கம் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் நடத்துவது கட்டுநரின் கடமை. கட்டணத்தைச் செலுத்துவது வீடு வாங்கியவரின் கடமை. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமைவனவும், எட்டு வீடுகளுக்கு மேற்படாதனவும் அச்சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. பெரம்பலூர் போன்ற ஊர்களில் எழும் சிறு கட்டடங்கள் பலவும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடுகின்றன. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் அது மெலிந்திருப்பது வருத்தத்துக்குரியது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, சங்கத்துக்கும் அதன் துணை விதிகளுக்கும் சட்டத் தகுதி அளித்து, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரு பங்கு உரிமையாளர்களின் இசைவு போதும் என்றும் கூறுகிறது.

செலவைப் பங்கிடும் முறை இதைவிடச் சிக்கலானது. வீட்டுக்கு ஒரே தொகை என்றால் சிறிய வீட்டுக்காரர் முறையிடுகிறார். சதுர அடிக் கணக்கென்றால், காவலரும் துப்புரவும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதானே எனப் பெரிய வீட்டுக்காரர் கேட்கிறார். இரண்டிலும் நியாயம் உண்டு. மகாராஷ்டிரத்தின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் பிரிபடாத பாகத்தின் விகிதத்தையே அளவுகோலாகக் கொண்டது.

பொது விளக்கு, மோட்டார் ஆகியவற்றுக்கான மின்கட்டணம் இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது. யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசாக இருந்த அதன் விலை, பத்து வீடுகளுக்கும் மூன்று தளங்களுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு 2023 நவம்பரில் 5 ரூபாய் 50 காசாகக் குறைக்கப்பட்டது. ஆகவே மேல்தளத்து முதியவருக்காக லிஃப்ட் அமைத்தால், அதன் விலையோடும் பராமரிப்போடும், அதுவரை எரிந்துவந்த படிக்கட்டு விளக்கின் கட்டணமும் உயர்கிறது. அதில் ஒருமுறைகூட ஏறாத தரைத்தளத்தாரும் அந்தக் கூடுதலைச் சுமக்கிறார். இத்தகைய முடிவை நான்கு பேர் வாய்மொழியாக எடுப்பது முறையன்று; முறையான கூட்டம், பதிவேட்டில் தீர்மானம், தணிக்கை செய்த கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால்தான், பணம் தர மறுப்பவரிடம் சங்கம் சட்டப்படி கேட்க முடியும்.

அரசுக் குடியிருப்புகளிலும் இக்கேள்வி உண்டு. பெரம்பலூரை அடுத்த கவுல்பாளையத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டிய தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், தன் குடியிருப்புகளுக்கென 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தை வகுத்துள்ளது. அதன்படி குடியிருப்போர் சங்கம் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு ஈடான தொகையை அரசும் வழங்குகிறது. நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்களிடம் மாதக் கட்டணம் கேட்கும்போது, அதை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் உரிமையையும் அவர்களிடமே முழுமையாக ஒப்படைத்தாக வேண்டும்.