பனிக்காலத்து விருந்தாளிகள்

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறுப் பக்கத்து லயங்களில் விடியற்காலை கதவைத் திறக்கவே மனம் வராது. செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பள்ளங்களில் புல்லின்மேல் உறைபனி உப்புக் கொட்டினாற்போல் கிடக்கும். 2019 ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே போய்ப் பல நாள் நீடித்தது. வெயில் ஏறியதும் பனி பட்ட கொழுந்து கருகிவிடும். அதனால் வரும் நஷ்டம் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் குளிரிலும் நம் வாசலுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். ஓடைக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் மஞ்சள் வயிற்று வாலாட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். அது இமயமலைப் பக்கத்திலிருந்து வந்தது. பத்து கிராம்கூட எடையில்லாத இலைக் கதிர்க்குருவியும் அப்படித்தான். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, வேறொன்று வந்தால் கத்தியே விரட்டும். வடக்கே பனி மூடினால் பூச்சி கிடைக்காது. பிழைப்புத் தேடித் தெற்கே வருகின்றன. நம் தாத்தாமார் திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் மலையேறிய கதைதான், திசை மட்டும் வேறு!

1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது மறையூர், மூணாறு வட்டாரத்திலும் தங்கிப் பார்த்தார். அந்த ஆய்வு 1953-ல் நூலாக வந்தது. தட்டேக்காடு சரணாலயம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனக்கு மறக்க முடியாதது ஆறுமணிக்குருவிதான். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, கட்டை வால். நான் சிறுவனாக இருந்தபோது, சித்தூர் பக்கம் அத்தை வீட்டுத் திண்ணையில் ஓர் ஐப்பசிக் காலையில் ஒன்று விழுந்து கிடந்தது. இரவெல்லாம் பறந்து வந்த களைப்பு என்று அன்று யாருக்குத் தெரியும்? அத்தை சகுனம் பார்த்தார். நான் இரக்கப்பட்டு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினேன், சோறு வைத்தேன். மதியத்துக்குள் செத்துப்போயிற்று. கொன்றது என் இரக்கம்தானோ என்று இன்றும் தோன்றும்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் விழுந்தால், காற்றுப் போகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, அமைதியாக வைத்துவிடுங்கள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். பிள்ளைகள் அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. பூனையும் அண்டக் கூடாது. தெளிந்து எழுந்து நின்றால், பொழுது சாயும் வேளையில் மரம் அடர்ந்த இடத்தில் திறந்துவிடுங்கள். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

குளிர்நாடுகளில் இருக்கும் நம் உறவினர் தோட்டத்தில் தானியம் தொங்கவிடுகிறார்கள். அது அங்கே சரி. இங்கே வருபவற்றில் பல பூச்சி தின்பவை. அரிசியைத் திரும்பியும் பாரா. ஆறுமணிக்குருவி சருகைப் புரட்டித்தான் இரை தேடும். ஆகவே கொல்லைச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். காய்கறிப் பாத்திக்கு மருந்தடிப்பதையும் குறைக்கலாம். சித்திரை வாக்கில் இவை வடக்கே கிளம்பிவிடும்.

கொழிஞ்சாம்பாறை, நெல்லியாம்பதி, மறையூர், வட்டவடை வாசகர்கள் தங்கள் வாசலில் முதலில் எந்தக் குருவியை, எந்தத் தேதியில் கண்டார்கள் என்று ஒரு கார்டு எழுதிப் போட்டால் அடுத்த இதழில் வெளியிடலாம். பிள்ளைகள் கையெழுத்தில் வந்தால் இன்னும் சந்தோஷம்.