மின்னஞ்சல் முகவரியைப் பழக்குதல்

வார்ம் அப் எனப்படும் பழக்குதல் என்பது, புதிய மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பும் மடல்களைச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, ஜிமெயில் போன்ற சேவைகளிடம் நற்பெயர் ஈட்டும் முறையாகும். வரலாறு இல்லாத முகவரியிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் மடல் புறப்பட்டால், அது ஸ்பேம் எனக் கருதப்படக்கூடும்.

மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களை எடுத்துக்கொள்ளலாம். மார்கழி இசை விழாவுக்கு மட்டுமே பயன்பட்டு, மற்ற மாதங்களில் ஓய்ந்திருக்கும் முகவரியும் ஏறக்குறைய புதியதுதான். விழா நெருங்கும்போது திடீரென எல்லோருக்கும் நிகழ்ச்சி நிரலை அனுப்பினால், அது ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். நற்பெயர் பெரிதும் டொமைனையும் ஐபி எண்ணையும் ஒட்டியது என்பதால், பிறகு அனுப்பும் நுழைவுச்சீட்டு மடலும் அங்கேயே போய்ச் சேரலாம். உண்மையான நட்டம் இதுதான். அக்டோபரிலேயே, மடலைத் திறந்து படிக்கும் ஐம்பது உறுப்பினர்களிடம் தொடங்குவது நல்லது. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்குவது வீண்வேலை.

ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சரிபார்ப்புகளை வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதி. ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை, அதாவது ஆயிரத்துக்கு மூன்றை, எட்டக்கூடாது. ஐம்பது பேரில் ஒருவர் புகார் பொத்தானை அழுத்தினாலே அது 2 விழுக்காடு.