வெளிநாட்டு வர்த்தகப் பங்காளியை அழைத்தல்: அழைப்புக் கடிதமும் அதன் எல்லையும்

இப்பிரதேசத்தில் சிறு வர்த்தகம் நடத்தும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இலங்கையிலோ இந்தியாவிலோ ஒரு வர்த்தகப் பங்காளி இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து பனம்பொருட்களை அனுப்புபவராக, காஞ்சிபுரத்துப் பட்டுச்சேலை வணிகராக, கரூரில் படுக்கை விரிப்பு நெய்விப்பவராக அவர் இருக்கலாம். தொலைபேசியிலேயே நடந்துவந்த வியாபாரத்தை நேரிற் பேசி ஒப்பந்தமாக்க அவரை இங்கு அழைக்கும் எண்ணம் எழுவது இயல்பு. அவ்வழைப்பு எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிப்பதில்லை என்பதை விண்ணப்பத்திற்கு முன்னரே அறிந்துகொள்வது இரு தரப்பினருக்கும் அவசியமாகும்.

ஐக்கிய இராச்சியத்தில் குறுகிய கால வர்த்தக வருகைக்கெனத் தனியான விசா இப்போது இல்லை. 2015 ஆம் ஆண்டு முதல் உறவினரைப் பார்க்க வருபவரும், சுற்றுலாவுக்கு வருபவரும், வர்த்தகப் பேச்சுக்கு வருபவரும் ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ எனப்படும் ஒரே வருகையாளர் விசாவுக்கே விண்ணப்பிக்கின்றனர். இதன்கீழ் வழமையாக ஒரு தடவையில் 6 மாதம் வரை தங்கலாம். இதற்கு ‘ஸ்பொன்சர்’ உரிமம் தேவையில்லை. பேச்சுவழக்கில் எல்லா அழைப்பையும் ‘ஸ்பொன்சர் பண்ணுவது’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டத்தில் அச்சொல் வேலை விசா போன்றவற்றுக்குரியது. வர்த்தகப் பங்காளியை அழைப்பவர் அவருக்கு வேலை வழங்குபவர் அல்லர்.

விசா தேவையா என்பதை வசிக்கும் நாடு அன்றி, கடவுச்சீட்டே தீர்மானிக்கிறது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு விசா தேவை. அவர்கள் சுவிற்சர்லாந்தில் வசித்தாலும் இது மாறாது. மலேசிய, சிங்கப்பூர், கனேடியக் குடிமக்களுக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் ‘ஈ.டி.ஏ.’ எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். கீழே கூறப்படும் வரையறைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

எது வர்த்தக வருகை, எது வேலை?

கூட்டங்களிலும் மாநாடுகளிலும் கலந்துகொள்ளுதல், விலை பேசுதல், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுதல், களஞ்சியத்தையோ தொழிற்சாலையையோ பார்வையிடுதல், இங்குள்ள வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டறிதல் ஆகியவற்றைக் குடிவரவு விதிகள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. வெளிநாட்டில் தயாரித்து விற்ற இயந்திரத்தைப் பொருத்தவோ பழுதுபார்க்கவோ அத்தயாரிப்பாளரின் ஊழியர் வரலாம். அதற்கு விற்பனை அல்லது விநியோக ஒப்பந்தம் ஒன்று இருத்தல் வேண்டும்.

இங்குள்ள நிறுவனமொன்றுக்கு வேலை செய்தல், சுயதொழில் நடத்துதல், பொதுமக்களுக்கு நேரடியாகப் பொருள் விற்றல் ஆகியன தடுக்கப்பட்டவை. எமது சமூகத்தில் அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இந்த இடமே. தீபாவளிக்கு முன்னர் மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து, ஊரிலிருந்து வந்த வணிகரே மேசைக்குப் பின்னால் நின்று சேலைகளை விற்பதை எடுத்துக்கொள்வோம். ‘கண்காட்சி’ என்று துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டுவிட்டால் அது வர்த்தகக் கண்காட்சி ஆகிவிடாது. கண்காட்சியில் வருகையாளர் தம் பொருளை அறிமுகப்படுத்தலாம், விளக்கலாம்; அங்கு நின்று விற்க முடியாது. அவ்வாறே, கடையில் ஆள் குறைந்த ஒரு சனிக்கிழமையில் விருந்தினர் கல்லாவில் நிற்பதும், உணவகத்தின் சமையற்கட்டில் கைகொடுப்பதும் நட்பாகத் தோன்றினாலும் அதிகாரியின் பார்வையில் வேலையாகும். சம்பளம் கொடுக்கவில்லை என்பது மட்டும் போதிய விடை அன்று.

இதன் விளைவுகள் சிறியவையல்ல. வருகையாளரின் அனுமதி இரத்தாகலாம். அவர் திருப்பி அனுப்பப்படலாம். பின்னர் அவர் செய்யும் விண்ணப்பங்களையும் அது பாதிக்கும். அனுமதியற்ற ஒருவரை ஊழியராக அமர்த்தியதாக முடிவு செய்யப்பட்டால், கடை உரிமையாளருக்கு முதற்றடவை ஒரு ஊழியருக்கு 45,000 பவுண் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் 60,000 பவுண் வரையும் தண்டப்பணம் விதிக்கப்படலாம். இத்தொகைகள் 2024 பெப்ரவரியில் உயர்த்தப்பட்டவை. சிறு கடையொன்றை மூடச் செய்ய இதுவே போதும்.

கடிதத்தில் எழுதவேண்டியவை

அழைப்புக் கடிதம் உத்தரவாதப் பத்திரம் அன்று. அது ஒரு கூற்று. ‘இவர் மிகவும் நல்லவர், குறித்த காலத்தில் திரும்பிவிடுவார் என நான் பொறுப்பேற்கிறேன்’ என்ற வரிகளால் பெரும் பயன் விளைவதில்லை. எந்த ஆண்டிலிருந்து வியாபாரத் தொடர்பு உள்ளது, இதுவரை நடந்த கொள்வனவுகள் எவை, இவ்வருகையில் எந்தத் திகதியில் யாரை எங்கே சந்திக்கவுள்ளார், எங்கு தங்குவார், செலவை யார் ஏற்கிறார் என்பனவே அதிகாரிக்கு வேண்டியவை. பழைய விலைப்பட்டியல்கள், கப்பற் பத்திரங்கள், மின்னஞ்சல்கள் சிலவற்றின் பிரதிகள் நான்கு பக்கப் புகழுரையிலும் வலுவானவை. அழைப்பவர் செலவை ஏற்பின், தம் வங்கிக் கணக்குக் கூற்றையும் இங்கு வசிக்கும் உரிமைக்கான சான்றையும் இணைக்க வேண்டும். நிறுவனத்தின் நிலை, கணக்குகள் உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்பட்டனவா என்பன கம்பனிகள் பதிவகத்தின் இணையத்தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியவை. எனவே கடிதமும் பதிவும் முரண்படாதிருத்தல் நன்று.

விண்ணப்பதாரர் தரப்பில் அடிக்கடி சிக்கல் தருவது பெயர். கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் முழுமையாகவும், வியாபாரப் பதிவில் முதலெழுத்தாகவும், வங்கியில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் இருப்பது தமிழரிடையே சர்வசாதாரணம். ஆனால் அதிகாரிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்களின் பெயர்களாகத் தோன்றலாம். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதை இணைப்புக் கடிதத்தில் ஓரிரு வரிகளில் விளக்குவது போதும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, திகதி, பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் ஆகியன இருக்க வேண்டும். பாதியை மொழிபெயர்த்து, எஞ்சியதைச் ‘சுருக்கம்’ என இணைப்பது ஏற்புடையதன்று. விண்ணப்பத்திற்குச் சற்று முன்னர் கணக்கில் பெருந்தொகை வைப்பிலிடப்பட்டிருந்தால் அதன் மூலத்தையும் காட்ட வேண்டும்.

பயணத்திற்கு 3 மாதங்களுக்கு முன்னரே இணையவழி விண்ணப்பிக்கலாம். பின்னர் கொழும்பு, சென்னை போன்ற நகரங்களிலுள்ள விசா விண்ணப்ப நிலையத்தில் கைரேகையும் புகைப்படமும் வழங்கவேண்டும். அதன்பின் சாதாரணமாக 3 வாரங்களில் முடிவு கிடைக்கும். துணைவரும் பிள்ளைகளும் உடன் வருவதாயின் ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம் தேவை. கட்டணம் மாறிவருவதால் விண்ணப்பிக்கும் நாளன்று அரசின் இணையத்தளத்தில் சரிபார்ப்பதே முறை. விசா கிடைத்த பின்னரும் விமான நிலையத்தில் எல்லைப்படை அதிகாரி கேள்வி கேட்கலாம். ஆகவே அழைப்புக் கடிதத்தின் பிரதியைப் பயணி கைப்பையில் வைத்திருப்பதும், அழைத்தவர் அன்று தொலைபேசியைக் கையில் வைத்திருப்பதும் நன்று.

நிராகரிக்கப்பட்டால்

வருகையாளர் விசா நிராகரிப்புக்கு எதிராகச் சாதாரணமாக மேன்முறையீட்டு உரிமை இல்லை. கட்டணமும் திரும்பக் கிடைக்காது. நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள காரணங்களுக்கு ஒவ்வொன்றாக விடை தரும் புதிய விண்ணப்பத்தைச் செய்யலாம். அதே ஆவணங்களை மீண்டும் அனுப்புவது வீண்செலவு. முந்திய நிராகரிப்பை மறைக்கக் கூடாது. மறைத்ததும் போலி ஆவணம் இணைத்ததும் ஏமாற்றுதலாகக் கருதப்பட்டால், அதன்பின் 10 ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம்.

‘எனக்கு உள்ளே ஆள் தெரியும்’ எனக் கூறிப் பணம் பெறுவோர் இங்கும் உளர், ஊரிலும் உளர். 1999 ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி, தகுதி பெறாத ஒருவர் இந்நாட்டில் குடிவரவு ஆலோசனை வழங்குவது குற்றமாகும். இலவசமாக வழங்கினாலும் அப்படியே. ஆலோசகரின் பெயர், 2025 ஜனவரி முதல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என அழைக்கப்படும் அமைப்பின் பதிவேட்டில் உள்ளதா என்று பணம் செலுத்துமுன் பார்க்கவேண்டும். அவர் சட்டத்தரணியாயின், அவரது தொழிலை ஒழுங்குபடுத்தும் சபையின் பதிவில் பார்க்கலாம்.