உள்பக்கம் மட்டும் தேயும் டயர்

டத்தோ கிராமாட் சாலையில், பாடாங் பிரவுன் பக்கம் ஒரு டயர் கடையில் எலைன்மென்ட் பார்ப்பது என் வேலை. இப்போது பினாங் டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் இடத்தில் முன்பு ஈயம் உருக்கும் ஆலை இருந்தது. அங்கே போய்வந்த லாரிகளுக்கு டயர் மாட்டித் தொழில் பழகியவர் எங்கள் கடை முதலாளி. வண்டி உள்ளே வந்ததும் மெஷினைத் தொடாதே, டயரைத் தடவிப் பார் என்பார்.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவு. அங்கங்கே குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் அப்சார்பர் போய்விட்டது. இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். கைக்கு மட்டும் தெரிவது ஒன்று உண்டு. டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒரு பக்கம் ஓட்டினால் வழவழப்பு. திருப்பி ஓட்டினால் ரம்பப் பல்லாகக் கையைப் பிடிக்கும். அது 'டோ' கோளாறு.

காரை மேலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல், அவற்றின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. காரை எதிரே நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருந்தால் அது கேம்பர். உள் ஓரம் தேய்ந்தாலே "கேம்பர் அவுட் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். கேம்பர் பாவம், பாதிப் பழிதான் அதற்குச் சேரும். சக்கரம் உள்ளே சாய்ந்தால் உள் ஓரத்தில் பாரம் கூடும், உண்மைதான். ஆனாலும் அது உருண்டுதான் போகிறது. டோ தப்பிய சக்கரம் உருளும்போதே தரையில் இழுபட்டும் போகிறது.

எவ்வளவு இழுபடும்? நம் சிறிய கார்களின் டயர் ஏறக்குறைய 580 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சக்கரம் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் இடையே வெறும் 2 மில்லிமீட்டர் திரும்பியிருந்தால்கூட, ஒரு கிலோமீட்டருக்கு மூன்று மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்கிறது. பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். ஒரு தடவை அக்கரைக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த டயர் சுமார் 45 மீட்டர் பக்கவாட்டில் உரசியிருக்கும். பட்டர்வொர்த்தில் குடியிருந்து பாயான் லெப்பாசில் வேலை பார்க்கிறவர் இதைத் தினமும் இரண்டு தடவை செய்கிறார். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் தரையிலுள்ள ஒரு தகட்டின் மேல் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வார்களே, அந்தத் தகடு பக்கவாட்டில் நகர்வதை வைத்து அளப்பது இதைத்தான்.

"ஸ்டியரிங் கொஞ்சம்கூட இழுக்கலையே அண்ணே?" என்பது அடுத்த கேள்வி. இழுக்காது, தம்பி. இரண்டு சக்கரமும் சம அளவு வெளியே திரும்பியிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டிவிடும். கார் அம்பு மாதிரி நேராக ஓடும், டயர் கரைந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, தேய்வது உள் ஓரம். வெளியே நின்று பார்க்கிறவருக்குப் பள்ளம் பள்ளமாக நல்ல டயர்தான் தெரியும். பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் எல்லைக்கோட்டு மேடும் வெளிப்பக்கம் தொடப்பட்டிருக்காது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, குனிந்து பின்னாலிருந்து பார்த்தால் கம்பி பல்லிளித்துக்கொண்டிருக்கும்.

இப்படி வருகிறவற்றில் பாதி, ஸ்போர்ட் ஸ்பிரிங் மாட்டி உயரத்தை இறக்கிய மைவி கார். இறக்குவதைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தால் நானும் நின்று பார்ப்பேன். 2005-இல் வந்த முதல் மைவி தொடங்கி அதன் முன்பக்கம், அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் 1940களில் வகுத்த அமைப்புதான்: மேலே ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக, கீழே ஒரு லோவர் ஆர்ம். உடம்பு கீழே இறங்கினால், வெளிப்பக்கம் தாழ்ந்து நின்ற லோவர் ஆர்ம் படுகிடைக்கு வரும். வரும்போது சக்கரத்தின் அடியை வெளியே தள்ளும். தலை உள்ளே சாயும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் கூடவே எழும். ஆனால் அதன் நீளம் வேறு, அது மாட்டியிருக்கும் இடம் வேறு. ஆர்ம் போடும் வளைவை அது போடாது. அந்த வித்தியாசம் முழுவதும் டோவில் வந்து விழும். இறக்கிய வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது சக்கரம் வெளியே திரும்பியிருப்பதைத்தான். தலை உள்ளே, முகம் வெளியே: இரண்டும் சேர்ந்து உள் ஓரத்தைத்தான் தின்னும்.

ஸ்பிரிங் மாற்றிய அன்றே எலைன்மென்ட் செய்து, எல்லாம் பச்சையாக இருக்கும் பேப்பரை வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. புது ஸ்பிரிங் ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமரும். அன்றைக்குச் செய்வது தவறில்லை, ஆனால் சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை கொண்டுவர வேண்டும். அதோடு, ஆர்ம் புஷ் கிழிந்தோ டை ராட் முனை ஆடியோ இருந்தால் மெஷின் காட்டும் அளவு வண்டி நிற்கும் வரைக்கும்தான்; பிரேக் பிடித்தாலே மாறிவிடும். அதனால் ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் நான் ஸ்பானரை எடுப்பதில்லை. பல வாடிக்கையாளர்களுக்கு இந்த ஐந்து நிமிடம் பிடிக்காது.

இன்னொரு ஏமாற்றம் பின்சக்கரம். மைவி மாதிரிக் கார்களின் பின்பக்கம் ஒரே பீம். அங்கே திருகிச் சரிசெய்ய எதுவும் கிடையாது. திரையில் சிவப்பு வந்தால் பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முன்பக்கத்திலும் கம்பெனி தந்திருப்பது டோ சரிசெய்ய மட்டுமே. கேம்பரைத் திருத்த வேண்டுமானால் அதற்கென்று தனி போல்ட் வாங்கி மாட்ட வேண்டும். "கேம்பரும் சேர்த்து அட்ஜஸ்ட் பண்ணிட்டோம்" என்று யாராவது சொன்னால், எந்த போல்ட் மாட்டினீர்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, நான் சண்டை போடும் விஷயம். உள்பக்கம் தேய்ந்த முன் டயர்களைப் பின்னால் தள்ளி, பின்னால் இருந்த நல்லதை முன்னால் போடச் சொல்வார்கள், செலவு மிச்சம் என்று. மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், அதற்குள் செய்ய ஒன்றும் இருக்காது. அப்படி மாற்றித் தரமாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.