மருந்துச் சீட்டில் இடம்பெறாதவை

என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை மட்டுமே முதியோர் பலர் கூறுகின்றனர். அன்றாடம் உட்கொள்ளும் சத்து மாத்திரைகளையும் மூலிகைச் சூரணங்களையும் அவர்கள் மருந்தாகவே கருதுவதில்லை. அதில் வியப்புமில்லை. சத்து மாத்திரைகள் பலவும் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் உணவாகத்தான் விற்கப்படுகின்றன.

தைராய்டு குறைபாட்டுக்குத் தைராக்ஸின் உட்கொள்பவர் உடன் கால்சியம் மாத்திரையையும் விழுங்கினால், தைராக்ஸின் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. பரிசோதனையில் குறைபாடு நீடிப்பதைக் காணும் மருத்துவர், காரணம் அறியாமல் தைராக்ஸின் அளவைக் கூட்டக்கூடும். இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட்டிருந்தால் அதற்குத் தேவையே எழுந்திருக்காது.

இருமலுக்கு இதமான அதிமதுரத்தையும் நாள்தோறும் மாதக்கணக்கில் உட்கொண்டால், உடலில் உப்பு தங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் உயரக்கூடும்.

இவற்றை அடியோடு விலக்க வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. அவர்களில் சிலருக்கு அந்த மாத்திரை அவசியம். யாருக்கு என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். பக்கத்து வீட்டாரின் அனுபவம் சொல்லாது. அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்லும்போது, அலமாரியில் உள்ள புட்டிகள் அனைத்தையும், சூரண டப்பாவையும் சேர்த்தே, ஒரு பையில் எடுத்துச் செல்லலாம்.