நான்காம் படுக்கைக்கு எதிரே ஓர் ஓவியம்

நம் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில், நான்காம் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஓவியத்தின் அச்சுப்படி தொங்குகிறது. பிரெஞ்சு ஓவியர் ஊபேர் ரொபேர் 1787இல் தீட்டிய ‘பான் து கார்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் அது. மூலப்படம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

சென்ற மாதம் நோயாளி ஒருவரின் மகள் எங்களிடம் வருத்தத்துடன் கேட்டார்: “அப்பா அளந்து அளந்துதான் தண்ணீர் குடிக்கிறார். அவர் கண்ணெதிரே நான்கு மணி நேரமும் ஆற்றையா காட்டுவது?”

கேள்வி நியாயமானது. படத்தை மாட்டியபோது நாங்கள் இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

படத்தில் இருப்பது ரோமானியர் கட்டிய தொட்டிப்பாலம். மாத்தூரைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மூன்றடுக்கு வளைவுகள், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 49 மீட்டர் உயரம். உச்சி அடுக்கின் கால்வாய் வழியே நீம் நகருக்குத் தண்ணீர் சென்றது. கால்வாயின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். மொத்தச் சரிவோ 20 மீட்டரைக்கூட எட்டாது. பராமரிப்புக் குறைந்த பிற்காலத்தில் சுண்ணாம்பு படிந்து படிந்து கால்வாய் குறுகிற்று. (இரத்தக்குழாய் அடைப்பை விளக்க இதைவிட நல்ல உவமை கிடைக்காது என்கிறார் எங்கள் மருத்துவர்.)

அருகில் சென்று பார்த்தால்தான் பாலத்தின் அடியில் இருக்கும் மனிதர்கள் தெரிவர். நகத்தளவு உருவங்கள். பேரரசரோ தளபதியோ அல்லர், வழிப்போக்கர்கள். அவர்களை நீக்கிவிட்டால் அந்தக் கல்லின் உயரமே நமக்குப் புலப்படாது. ரொபேர் தம் படங்களில் இத்தகைய எளியவர்களை விடாமல் வரைந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், அறுபது வயதில் சிறைப்பட்டார். அங்கே உணவுத் தட்டுகளின் மீதுகூட ஓவியம் தீட்டினார். மறு ஆண்டு விடுதலையானார்.

படத்தைக் கழற்றலாமா என்று அப்பிரிவின் பதினான்கு நோயாளிகளிடமும் கேட்டோம். பதினொருவர் இருக்கட்டும் என்றனர். கீழே நிற்கும் ஆட்களை எண்ணுவதில் ஒரு மணி நேரம் கழிகிறது என்றார் ஒருவர். அவருடைய கணக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறதாம். மூவர் வேண்டாம் என்றனர். கேள்வி கேட்ட மகளின் தந்தை அவர்களுள் ஒருவர். “தாகம் எடுக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

அம்மூவருக்கும் சன்னல் பக்க வரிசையில் இடம் மாற்றித் தந்துள்ளோம். தாகத்தைப் பற்றி ஒரு சொல்: உப்பைக் குறைத்தால் தாகம் தணியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை வீட்டார் தவிர்த்திடுக. நாள் முழுவதற்குமான தண்ணீரைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துச் சிறு குவளையில் அருந்தலாம். அளவு ஆளுக்கு ஆள் மாறும்; மருத்துவரிடம் கேட்டறிக.

சன்னல் பக்கச் சுவர் இப்போது வெறுமையாக உள்ளது. அங்கே எந்தப் படம் வேண்டும் என்பதை அம்மூவரே தெரிவிப்பதாகக் கூறியுள்ளனர்.